ஒன்பது மணிக்கு என்ன கதைச்சவர்?

இராசநாயகமும் மகாதேவியும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை என்பது ஏழாலையில் யாருக்கும் ஒளித்த செய்தியல்ல. கலியாணம் முடித்து ஊருக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குக் கடை எது, கோயில் எது என்று காட்டிக் கொடுக்கிறபோதே, "அந்தா, அந்தப் பச்சைக் கேற் வீட்டுக்காரர் தங்களுக்கை கதைக்கிறேல்லை" என்றும் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். பதினொரு வருடம். இடையில் கொரோனா வந்து போனது. பெற்றோல் வரிசை வந்து போனது. ஒரே மகன் லக்ஷன் பிரான்சுக்குப் போனான். அந்த வீட்டுக் கோபம் மட்டும் போகவில்லை.

காரணம் ஒரு கிணறு. கிணறும் தோட்டமும் மகாதேவியின் சீதனம். அந்தக் கிணற்றில் தன் தம்பி சோமசேகரம் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் இறைக்கலாம் என்று இராசநாயகம் சொல்லிவிட்டார். கொடுத்ததில் மகாதேவிக்கு மறுப்பில்லை. கேட்டிருந்தால் நாலு நாளும் கொடுத்திருப்பாள். "என்ரை காணிக் கிணறு. என்னை ஒரு சொல்லுக் கேட்டவரோ?" என்பதுதான் அவள் வழக்கு. கேட்காத மனுசனோடு தனக்கென்ன கதை என்று வாயை மூடினாள். இராசநாயகமும் இலேசுப்பட்ட ஆளில்லை. அவள் வாய் திறந்தால் தானும் திறப்பதாக இருந்தார். முதல் கிழமை இரண்டு பேரையும் சமாதானப்படுத்த ஆட்கள் வந்தார்கள். முதல் வருடம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு ஊருக்கும் அலுத்துவிட்டது.

கதைக்காமல் ஒரு வீடு எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். லக்ஷன் இருந்தவரை அவன் நடுவில் நின்றான். அவன் போன பிறகு எப்படியும் கதைக்கத்தானே வேண்டும் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். ஏமாந்தோம். இராசநாயகம் விறாந்தையில் இருந்து பாரிசுக்குப் போன் போடுவார்.

"தம்பி, சொதிக்கு உப்புக் காணாதெண்டு கொம்மாட்டைச் சொல்லு."

லக்ஷன் வேலைக்குப் போகிற றெயினுக்குள் நெரிபட்டுக்கொண்டு தாய்க்குப் போன் போடுவான். குசினிக்குள் மகாதேவியின் போன் அடிக்கும்.

"அம்மா, சொதிக்கு உப்புக் காணாதாம்."

"உப்புப் போத்தல் மேசையிலதான் இருக்குது, கண் தெரியேல்லையோ எண்டு கொப்பரிட்டைக் கேள்."

விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்ட உப்பு கடல் கடந்து போய்த் திரும்பி வந்தது.

அந்த மாசியில் வெங்காயம் நல்லாக விளைந்திருந்தது. கிண்டி எடுத்துச் செம்மண் உதறி, தாள் வாடக் காயவிட்டு, பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கவேண்டும். இந்த வேலையைப் புருசனும் பெண்சாதியும் எதிரெதிரே இருந்து செய்வதைப் பக்கத்து வீட்டு நல்லம்மா மதில் இடுக்கால் பார்த்திருக்கிறாள். அவர் தாளை ஒன்று சேர்த்து நீட்டுவார், அவள் வாங்கி நார் சுற்றுவாள். கைகள் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருக்கும், வாய்கள் திறவா. "உவையின்ரை கோவத்துக்கு வெங்காயம் மட்டும் விதிவிலக்கு" என்பாள் நல்லம்மா.

அப்படி வெங்காயம் கட்டின ஒரு நாள் பின்னேரம் மகாதேவி முருங்கைக்காய்க் கறி வைத்தாள். வெயிலுக்குள் நின்று கொக்கத்தடியால் தானே இழுத்துப் பறித்த காய். இரவுச் சாப்பாட்டோடு பாரிஸ் வழியாக மறுமொழி வந்தது.

"அம்மா, முருங்கைக்காய் முத்தலாம். சப்பிச் சப்பித் துப்பவோ எண்டு கேக்கிறார்."

"துப்பச் சொல்லு. ஆர் மறிச்சது?"

இராசநாயகம் வாழ்க்கையில் கடைசியாக முழுதாகச் சொன்ன வசனம் அந்தச் சப்பித் துப்புகிற கேள்விதான். ஒரு முருங்கைக்காயைப் பற்றி.

விடியற்காலையில் எழும்பி மோட்டர் போடுவது அவர் வழக்கம். மறுநாள் மோட்டர்ச் சத்தம் கேட்கவில்லை. இன்றைக்குச் சோமசேகரத்தின் முறையாக்கும் என்று மகாதேவி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனபோது அவர் வெங்காயக் கொட்டில் வாசலில் தூணோடு சாய்ந்து, காலை நீட்டி, தோட்டத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். ஒன்பது மணி போலப் புட்டும் சம்பலும் கொண்டு போனாள். தேத்தண்ணி ஆடை படர்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவர் இருந்த இடத்தில் இருந்தார்.

முருங்கைக்காய்க் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தாள். புட்டை வைத்துத் திரும்பினபோது அவர் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். செருமலும் இல்லை, முனகலும் இல்லை. இடக்கை அவள் சீலைப் பக்கமாக எழும்பியது. பதினொரு வருடம் கூப்பிடாதவர் இப்போது சைகையால் கூப்பிடுகிறாராம். வாயால் கூப்பிட்டால் வாறன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, முகத்தை வெடுக்கென்று வெட்டி நடந்தாள். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அந்த முகத்தை நேரே பார்க்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போய்க் கனகாலம். வேறு வீடென்றால் மனுசன் பேச்சிழந்த உடனே தெரிந்திருக்கும். இந்த வீட்டில் அது மற்ற நாளைப் போலத்தான் இருந்தது.

கண்டது நல்லம்மா. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவள் வைத்த கூக்குரலில் ஒழுங்கைச் சனமே திரண்டது.

"எடியே மகாதேவி! இஞ்சை வந்து பார், மனுசனுக்கு வாய் கோணிப்போய்க் கிடக்குது!"

மகாதேவி ஓடிவந்து முன்னால் குந்தினாள்.

"இஞ்சாருங்கோ... இஞ்சாருங்கோ..."

பதினொரு வருடத்துக்குப் பிறகு. அவர் வாயின் ஒரு ஓரத்தால் எச்சில் வடிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்புலன்சில் மகாதேவி போனாள். சோமசேகரம் மோட்டர்சைக்கிளில் பின்னால் போனார். நல்லம்மா அழைக்காமலே அம்புலன்சில் ஏறி இருந்தாள். ஸ்கான் எடுத்துக்கொண்டு வந்த டொக்டர் சின்னப் பொடியன், லக்ஷனின் வயதுதான் இருக்கும். அவன் ஓட்டமும் நடையுமாக வந்து கேட்டான்.

"அம்மா, ஐயா கடைசியா எப்ப நல்லா இருந்தவர்? அவர் நல்லாக் கதைச்சதைக் கடைசியா ஆர் கேட்டது?"

மகாதேவிக்கு விளங்கவில்லை. விளங்கினபோது பக்கத்தில் நல்லம்மா தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலுக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று மகாதேவிக்குத் தெரியும். தம்பி, இவை தங்களுக்கை கதைக்கிறேல்லை, இது பதினொரு வருசக் கதை என்று தொடங்கி, கிணறு வரைக்கும் போவாள். வெள்ளைச் சட்டை போட்ட நேர்ஸ்மார் மூன்று பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"என்னோடதான் கதைச்சவர்," என்றாள் மகாதேவி. "காலமை ஒன்பது மணிக்கு. புட்டுக் குடுக்கேக்க."

நல்லம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஒன்பது மணி. நிச்சயமோ அம்மா?"

"நிச்சயம்."

பொடியனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப நேரம் இருக்குது. மூளைக்குப் போற குழாயில இரத்தக்கட்டி அடைச்சிருக்கு. நாலரை மணித்தியாலத்துக்குள்ள எண்டால் கரைக்கிற ஊசி போடலாம். பிந்திப் போட்டால் மூளைக்குள்ள இரத்தம் கசியும், அதுதான் திருப்பித் திருப்பிக் கேக்கிறது. நேரத்தோட போட்டாலும் ஒரு சிலருக்குக் கசியிறதுதான். சம்மதமோ?"

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தவள்தான். நல்லம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொடியன் பேனையை நீட்டினான். மகாதேவி வாயை மூடிக்கொண்டு ஒப்பம் வைத்தாள்.

பின்னேரம் இராசநாயகம் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தார். ஒரு கண்மணி பெருத்துப்போனது. மறுபடி ஸ்கான் எடுத்தார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்து வீங்கிவிட்டது என்றார்கள். நரம்புச் சத்திரசிகிச்சைப் பகுதியில் இருந்து ஆட்கள் வந்து, இடப்பக்கத்து மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துவைத்தால்தான் மூளைக்கு வீங்க இடம் கிடைக்கும், உயிர் தப்பலாம், பேச்சுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அதற்கும் மகாதேவி ஒப்பம் வைத்தாள்.

அவர் மயக்கத்தில் கிடந்த நாட்களில் ஊரில் இன்னொரு கதை பிறந்து வளர்ந்து நடமாடத் தொடங்கியது. ஒன்பது மணிக் கதை. அவர்கள் கதைத்துவிட்டார்களாம்! பதினொரு வருடத்துக்குப் பிறகு, புட்டுக் கொடுக்கிறபோது, சாதாரணமாகக் கதைத்தார்களாம்.

"ஊர்க்கண்தான், வேறென்ன?" என்றாள் நல்லம்மா, நாவூறு கழிக்க மிளகாய் அள்ளிக்கொண்டு. "ஒரு நாள் சந்தோசமாக் கதைச்சினம், அது பொறுக்கேல்லை." ஊர்க்கண்ணில் பெரிய பங்கு தன்னுடைய கண் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பாரிசில் லக்ஷன் போனிலேயே அழுதான். "அம்மா, உண்மையாவோ? அப்பா உங்களோட கதைச்சவரோ?"

"ஓமடா."

"அப்ப கோவம் முடிஞ்சுதோ?"

"ஓம்."

"எனக்கு அது காணும் அம்மா. என்ன நடந்தாலும் எனக்கு அது காணும்."

மகாதேவி போனை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் கிடந்த மர வாங்கில் இருந்தாள். பொய் சொன்ன வாய்க்குள் அன்றைக்கு இருந்து சோறு இறங்கவில்லை. தேத்தண்ணி மட்டும் இறங்கியது. அந்தத் தேத்தண்ணியும் சோமசேகரம் பிளாஸ்கில் கொண்டுவருவது. அவரோடும் அவள் கதைப்பதில்லை. வாங்கிக் குடித்துவிட்டு மூடியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள்.

இராசநாயகம் கண்ணைத் திறந்து, சாதாரண வாட்டுக்கு மாற்றின பிறகு ஒருநாள் காலையில் தாரிகா என்ற டொக்டர் வந்தாள். மெலிந்த பெண், அவர் தலையைத் திறந்த டொக்டர்மாரோடு தானும் நின்றவள். கதிரையை இழுத்துப்போட்டு மகாதேவிக்குச் சரிசமமாக இருந்தாள். சோமசேகரம் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நல்லம்மா வழக்கம்போலத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கட்டில்காரிக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நாங்கள் ஒரு ஆய்வு செய்யிறம். ஊசி போட்ட பிறகு இரத்தம் கசிஞ்ச ஆக்களைப் பற்றி. ஆருக்குக் கசியும், எலும்பை எப்ப எடுத்தால் எவ்வளவு தப்பும் எண்டு பாக்கிறம். இனி வாற ஆக்களுக்குத்தான் அது உதவும். ஐயாவின்ரை விபரத்தையும் சேர்க்கலாமோ?"

"சேருங்கோ, பிள்ளை."

"ஐயாவின்ரை விசயம் எங்களுக்குக் குழப்பமாக் கிடக்குது. நேரத்தோட வந்திருக்கிறியள். அந்த நேரத்துக்கு இவ்வளவு பெரிசாக் கசிஞ்சிருக்குது. இப்பிடியும் வரும்தான். அதுதான் வடிவா விசாரிக்கிறன். ஒன்பது மணிக்குக் கதைச்சவர் எண்டனீங்கள். வசனமாக் கதைச்சவரோ, சொல் இழுபட்டதோ?"

"வசனமா."

"என்ன கதைச்சவர்?"

மகாதேவி போர்வையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"எந்தச் சொல் எண்டாலும் காணும் அம்மா. ஞாபகம் வாறதைச் சொல்லுங்கோ."

சொல்ல ஏதாவது இருக்கவேண்டுமே. நேரத்தை மாற்றுவது இலேசு, ஒரு எண்தான். அந்த மனுசன் பதினொரு வருடத்துக்குப் பிறகு தன்னைப் பார்த்துச் சொல்லக்கூடிய முதல் வசனத்தை எங்கேயிருந்து எடுப்பது? "புட்டு நல்லா இருக்குது" என்று சொல்வாரா? அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். "இஞ்சாரும்" என்பாரா? "மகாதேவி" என்று பெயர் சொல்வாரா? ஒவ்வொன்றாக அவர் வாயில் வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. அவர் குரலே அவளுக்குப் போன் வழியாக மகன் சொன்ன மாதிரித்தான் ஞாபகம் வந்தது.

"ஒண்டும் கதைக்கேல்லை, பிள்ளை," என்றாள்.

தாரிகா பேனையை நிறுத்தினாள்.

"நாங்கள் கதைக்கிறேல்லை. பதினொரு வருசம். விடிய நான் பாக்கேக்கயே தூணோட சாஞ்சுதான் இருந்தவர். கோவமாக்கும் எண்டு நினைச்சிட்டன். ஒன்பது மணிக்குக் கையை நீட்டினவர். ஒரு சத்தம் போட்டவர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டன்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தோடம்பழம் உரிக்கிற சத்தம் நின்றது.

"அப்ப ஏனம்மா ஒன்பது மணி எண்டனீங்கள்?"

"வெக்கமாக் கிடந்துது. புருசன் பெண்சாதி கதைக்கிறேல்லை எண்டு அந்தச் சின்னப் பொடியனுக்கு எப்பிடிச் சொல்லுறது?" பிறகு, "சொல்லேக்க எனக்கும் அது நல்லாக் கிடந்துது, பிள்ளை. என்னோடதான் கதைச்சவர் எண்டு சொல்ல."

தாரிகா எழுதினதை வெட்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மகாதேவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த ஊசியாலதானோ இவருக்கு இப்பிடி?"

"பிந்தப் பிந்தக் கசியிற ஆபத்துக் கூடும். அது உண்மை. ஊசி போடாட்டியும் சில பேருக்கு அடைபட்ட இடம் தானா வீங்கும், கசியும். போட்டதால இப்பிடி எண்டோ, போடாட்டித் தப்பியிருப்பார் எண்டோ என்னால சொல்லேலாது அம்மா."

"வேற ஆரும் சொல்லுவினமோ?"

"ஒராளை மட்டும் வச்சு ஆராலையும் சொல்லேலாது. கன பேரைச் சேர்த்துப் பாத்தால் ஏதாவது தெரியும். அப்பவும் இவரைப் பற்றித் தெரியாது."

அவள் போன பிறகு சோமசேகரம் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார்.

"மச்சாள், இது என்னோட இருக்கட்டும். நான் ஆருக்கும் மூச்சு விடமாட்டன்."

மகாதேவி வாங்கிக்கொண்டு, "நீர் விடமாட்டீர். உது விடும்," என்று திரைச்சீலையைக் காட்டினாள். சோமசேகரத்தோடு அவள் பதினொரு வருடத்தில் சொன்ன முதல் வார்த்தை. அது சரியாகவும் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறின நல்லம்மா இறங்குவதற்குள் பஸ்சுக்குள் பாதிப் பேருக்கு விசயம் தெரிந்துவிட்டது.

ஊர் வழியாகப் பாரிசுக்குப் போகமுன்னம் மகாதேவி தானே போன் எடுத்தாள்.

"தம்பி, அண்டைக்கு அப்பா என்னோட கதைக்கேல்லையடா. நான் பொய் சொன்னனான்."

பாரிஸ் பக்கம் றெயின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதோ?"

"கேக்குதம்மா. அப்ப முருங்கைக்காய்தானோ கடைசி?"

"ஓமடா."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை, கதைக்கவும் இல்லை.

சித்திரை வெயில் ஏறத் தொடங்க இராசநாயகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கத் தலையில் எலும்பெடுத்த இடம் உள்ளுக்கு விழுந்திருந்தது. அதை மறைக்க மகாதேவி ஒரு நூல்தொப்பி போட்டுவிட்டாள். பேச்சில் ஒரேயொரு சொல் மிஞ்சியிருந்தது. "ஓம்." தாரிகா முதலே சொல்லியனுப்பியிருந்தாள். "எல்லாத்துக்கும் அதுதான் வரும் அம்மா. அவர் வேற சொல்ல நினைச்சாலும் அதுதான் வரும். மறுமொழி எண்டு எடுத்திடாதேங்கோ."

ஊருக்கு அந்த எச்சரிக்கை எட்டவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மறுமொழி வாங்கிக்கொண்டு போனார்கள்.

"என்னைத் தெரியுதோ இராசநாயகத்தார்?" என்றாள் நல்லம்மா.

"ஓம்."

"பாத்தியளோ! என்னைத் தெரியுதாம். நான்தானே முதல்ல கண்டது." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு உங்களிலை கோவம் ஒண்டுமில்லை" என்று ஏன் சொன்னாளோ. அதற்கும் ஓம் வந்தது.

மகாதேவி இப்போது கதைக்கிறாள். விடிய எழும்பினதில் இருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் கதைக்கிறாள். வெயில் சூடு, காகம் கத்துது, அரிசி வெந்தது, சுன்னாகத்தில் வெங்காயம் விலை விழுந்தது எல்லாம் சொல்கிறாள். மத்தியானம் கண்ணயர முடியவில்லை என்று ஒழுங்கையில் முறைப்பாடு. போன் வழியாகப் பாரிசுக்கு இப்போது உப்பும் போவதில்லை, புளியும் போவதில்லை.

ஒரு பின்னேரம் அவரைக் கொட்டில் வாசலில் கதிரையில் இருத்திவிட்டு, முன்னால் சாக்கைப் போட்டு இருந்து, பழுதானதைப் பொறுக்கி விதை வெங்காயத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தாள். தாளைச் சேர்த்து நீட்ட இப்போது ஆளில்லை. முனையைப் பல்லால் கடித்துப் பிடித்து நார் சுற்றினாள். நாக்கு எரிந்தது.

"இஞ்சாருங்கோ."

"ஓம்."

"ஒன்பது மணிக்கு நீங்கள் கதைச்சனீங்கள் எண்டு நான் பொய் சொன்னனான். அது தெரியுமோ?"

"ஓம்."

"அந்த ஊசியாலதானோ உங்களுக்கு இப்பிடி வந்தது?"

"ஓம்."

அவள் கை நின்றது. கையில் இருந்த பிடி அவிழ்ந்து வெங்காயம் மடியில் கொட்டியது.

"போடாட்டியும் இப்பிடித்தான் வந்திருக்குமோ?"

"ஓம்."

"என்னில கோவமோ?"

"ஓம்."

"கோவமில்லையோ?"

"ஓம்."

அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது. வாய் கோணியிருந்ததால் அது சிரிப்பா, வேறு என்னவோ என்று சொல்ல முடியாது. மகாதேவி அந்த முகத்தைக் கனநேரம் நேரே பார்த்தாள். மடியில் கொட்டினதை அள்ளி, ஒவ்வொன்றாக எடுத்துத் தாளைச் சேர்த்தாள். பிறகு கேள்விகளை இடம் மாற்றி, கோவமில்லையோ என்பதை முதலில் வைத்து, திரும்பவும் கேட்கத் தொடங்கினாள்.